செரிஃபுக்கு ‘பூண்’னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

செரிஃப் (எழுத்துக் கோட்டோட முனையில நீட்டிக்கிட்டு இருக்கற சின்னக் கட்டை), டிஸ்ப்ளே, ரெட்ரோ மாதிரி எழுத்துருச் சொற்களுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்னு பேசற இந்த இழையை மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன், இன்னிக்குத்தான் எழுத நேரம் கெடச்சுது. ‘செரிஃப்னே விட்டுடலாமே’ன்னு சார் சொன்னது புரியுது, ஆனா சென்னை ஆண்டர்சன் தெருவுல கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கறப்ப நான் செரிஃப்னு சொன்னா யாருக்கும் வெளங்கல, ‘ஓரத்துல கால் வச்ச இங்கிலீஷ் எழுத்தா’ன்னுதான் திருப்பிக் கேக்கறாங்க. ஃபாண்ட், போல்டு மாதிரி அது நம்ம ஊர்ல புழங்கற சொல்லே இல்ல.

அதுக்காகக் ‘கால்’னு வைக்கவும் முடியாது, துணைக்கால் நமக்கு ஏற்கெனவே இருக்கு. கொம்பு, சுழி ரெண்டும் அதே கதைதான். அக்கா சொன்ன ‘வால்’ எழுத்துலேர்ந்து நீண்டு போறதைக் குறிக்குமே தவிர முனையைக் கட்டி முடிக்கறதைக் குறிக்காது.

என் பரிந்துரை பூண். உலக்கை அடியில இரும்புப் பூண் போடுவாங்க, கைத்தடி நுனியிலயும் யானைத் தந்தத்துலயும் பூண் உண்டு. தண்டோட முனையில, தண்டை விடக் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். செரிஃபும் அப்படியே. இதுல பெரிய வசதி, மத்த சொல்லெல்லாம் தானா வந்துடுது: செரிஃப் இல்லாதது பூணிலி, தடிச்சுப் பட்டையா வர்ற ஸ்லாப் செரிஃப் பட்டைப்பூண், போடோனிங்கற எழுத்துருல வர்ற மெல்லிசு கம்பிப்பூண்.

இப்ப நாம பேச ஆரம்பிச்ச, செரிஃப் உருண்டையா இருக்கற ரெட்ரோ டிஸ்ப்ளே எழுத்துருவுக்கு வர்றேன். அந்த மாதிரியில ரொம்பப் பிரபலமானது கூப்பர் பிளாக், சிகாகோவுல ஆஸ்வால்ட் கூப்பர் வரைஞ்சு 1922-ல வந்தது, ஈசிஜெட் விமானத்துல இருக்கறது அதுதான். அதுல பூண் ஊதி உருண்டு போய், தண்டு எங்க முடியுது பூண் எங்க தொடங்குதுன்னே கோடு போட்டுச் சொல்ல முடியாது, பாக்கறப்பவே ஒரு சந்தோஷம் வரும். முதல்ல உருட்டுப்பூண்னு எழுதி வச்சிருந்தேன், ஆனா இப்ப சென்னையில உருட்டுன்னா பொய்னு ஆயிடுச்சு, அதனால குண்டுப்பூண். ‘குண்டு குண்டா எழுது’ன்னு ஸ்கூல்ல எல்லாரும் கேட்டு வளந்தவங்கதானே, இந்தச் சொல்லுல ஒரு செல்லமும் இருக்கு.

டிஸ்ப்ளேவுக்கு, அதாவது பெரிய அளவுல போடறதுக்குன்னே வரைஞ்ச எழுத்துருவுக்கு, ‘தலைப்பு எழுத்துரு’ போதும். அலங்கார எழுத்துன்னு வைக்காதீங்க, இங்க விஷயம் அலங்காரம் இல்ல, அளவு. குண்டுப்பூணை 8 புள்ளியில அச்சடிச்சா e, a எல்லாம் வயிறு அடைச்சுக்கும், போஸ்டர் அளவுக்குப் பெருசாக்கினாத்தான் அந்த வளைவெல்லாம் மூச்சு விடும்.

பழைய காலத்துப் பாணியைத் திரும்பக் கொண்டுவர்ற ரெட்ரோவுக்குப் ‘பழம்பாணி’ வேணாம். கேரமண்ட் மாதிரி பழைய லத்தீன் எழுத்துரு வகைக்கு ஓல்டு ஸ்டைல்னு ஒரு பிரிவு இருக்கு, அதோட குழம்பிடும். போன வாரம் செஞ்ச எழுத்துருவும் ரெட்ரோவா இருக்கலாம், அதனால மீள்பாணி.

ஒண்ணுதான் எனக்கு இன்னும் உறுத்துது. நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி எழுத்துருக்கள்ல கண்ணுல படறது கோடு தடிச்சு மெலியறதுதான், லத்தீன்ல இருக்கற மாதிரி முனைக்கு முனை பூண் கிடையாது. அதைப் பூண் எழுத்துன்னு சொன்னா பொய்யாயிடும். ‘தடிமெலி எழுத்து’ன்னு தனியா வச்சிடலாமா? தமிழ் எழுத்து வரையறவங்க இதுக்குக் கட்டாயம் பதில் போடுங்க, வெள்ளிக்கிழமை மாதிரித்தாள் அச்சுக்குப் போகுது, அதுல இந்தச் சொற்களைத்தான் போடப்போறேன்.