முன்னோடி நகரம்தான் சென்னை, ஆனால் யாருக்கு?

மயிலை மணி:
ஜூன் மாசம் வந்தால் போதும், பெங்களூரைப் பார், கொல்கத்தாவைப் பார் என்று வானவில் பேரணிப் படங்களைப் போட்டு நம்ம ஊரை மட்டம் தட்ட ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. பாலினச் சிறுபான்மையினர் விஷயத்தில் இந்த நாட்டுக்கே வழிகாட்டியது சென்னைக் கோட்டைதான். திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது 2008 ஏப்ரல் 15, இந்தியாவிலேயே முதல் முறை. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நால்சா தீர்ப்பு அதே ஏப்ரல் 15-இல்தான் வந்தது, ஆனால் 2014-இல். ஆறு வருஷம் முந்திக்கொண்டோம். கண்ட பெயரும் வைத்துக் கூப்பிட்ட ஊரில் திருநங்கை என்ற சொல்லை மேடையிலும் அரசுத் தாளிலும் புழங்க வைத்தவர் கலைஞர். ரேஷன் கார்டு, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை, எல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்த அரசு இது. அதையும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

வியாசர்பாடிக்காரன்:
மணி சார், எல்லாம் சரி, அந்தக் "கேட்பதற்கு முன்னாலேயே" மட்டும் வேண்டாம். 2006-இல் எங்கள் ஏரியா காவல் நிலைய வாசலில் ஒரு அரவாணி தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். திருட்டு வழக்கு என்று பிடித்துக்கொண்டு போய், அதற்கப்புறம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் செய்த சித்திரவதை தாங்காமல். செத்துப்போனவரின் சகோதரி வழக்குப் போட்டார், 2007-இல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கல்லூரியில் சேர்க்க மறுக்கக்கூடாது, குடும்பங்களுக்கு ஆலோசனை தர வேண்டும் என்ற அரசாணை வந்தது 2006 டிசம்பர், வாரியம் 2008. இந்த வரிசையைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் தன் பாலினத்தைத் தானே சொல்வதற்குக்கூட 2004-இல் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கொடுத்ததா, வாங்கினதா?

மயிலை மணி:
கோர்ட் படி எல்லா மாநிலத்திலும்தான் ஏறினார்கள் தம்பி. எத்தனை மாநிலத்தில் வாரியம் வந்தது? கேட்கிற காது இருந்ததால்தானே?

செவ்வந்தி:
காது வந்த கதையை நான் சொல்கிறேன் அண்ணா, அந்தக் காலத்தில் களப்பணி செய்தவள் நான்.

இந்தியாவில் எச்ஐவியை முதலில் கண்டுபிடித்தது 1986-இல், நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. 1994-இல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். எங்களைத் தேடி அரசாங்கம் முதலில் வந்தது அதற்காகத்தான், மனுஷி என்று இல்லை, நோய் பரப்புகிறவள் என்று. ஆணுறைப் பையும் ஒரு மர மாடலும் கையில் கொடுத்துப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அனுப்பினார்கள். சகோதரன் என்கிற அமைப்பு 1998-இல் வந்தது, இன்னும் சில அமைப்புகளும் இருந்தன. போலீஸ் பிடித்தால் காட்டுவதற்கு ஒரு அடையாள அட்டை, மாசம் ஒரு சின்னத் தொகை, உட்கார ஒரு பாய் விரித்த அறை. அந்த அறைதான் எல்லாம். அதுவரை ஜமாத்துக்குள், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழ்கிற குடும்பத்துக்குள், நானி (பாட்டி முறை), சேலா (சிஷ்யை) என்று ஒரு வாழ்க்கை, ஆணை விரும்புகிற, பெண் சாயலுள்ள கோத்திப் பசங்களுக்கு இருட்டில் ஒரு வாழ்க்கை. பகலில், மின்விசிறிக்குக் கீழே, வாடகைக் கவலை இல்லாமல் உட்கார்ந்து டீ குடித்துப் பேசினது அங்கேதான். ஆணுறைக் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே எந்த ஸ்டேஷனில் யாரை அடித்தார்கள் என்றும் எழுத ஆரம்பித்தோம். போராட்டம் என்றெல்லாம் அப்போது பெயர் வைக்கவில்லை.

வாரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடை கடையாகக் காசு கேட்டுப் பிழைத்த எத்தனையோ பேருக்குத் தையல் மெஷினும் பட்டாவும் கிடைத்தது. ஆனால் கேட்காமல் எதுவும் கிடைக்கவில்லை, வியாசர்பாடித் தம்பி சொல்வதுதான் சரி.

ஆழாக்கு:
ஒரு சந்தேகம். ஒரே பாலின உறவைக் குற்றம் என்று சொன்ன தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐ 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே தளர்த்திவிட்டது. இப்போது யாரும் யாரையும் ஜெயிலில் போடவில்லை. அப்புறம் எதற்கு ரோட்டை மறித்து வருஷா வருஷம் ஊர்வலம்? வெள்ளைக்காரன் நாட்டுப் பழக்கத்தை நம்ம ஊரில் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? திருநங்கைகள் காலம்காலமாக இருக்கிறார்கள், கூவாகம் திருவிழா இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றது எல்லாம் ஃபேஷன்.

வியாசர்பாடிக்காரன்:
377-தான் ப்ரோ இறக்குமதி. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதின சட்டம். கூவாகம் கள்ளக்குறிச்சி மாவட்டம், சென்னைப் பேச்சில் அதை ஏன் இழுக்கிறீர்கள்.

தெற்குமாசி:
"மற்றது எல்லாம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்களே, அந்த மற்றதில் ஒருத்தி நான். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவள்.

இந்த இழையில் இதுவரை எழுதின நாலு பேரும், செவ்வந்தி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, பெண்ணை விரும்புகிற பெண் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. திருநம்பியும், அதாவது பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிறவரும், இல்லை. இதுதான் சென்னை வரலாற்றின் கோளாறு. எய்ட்ஸ் பணம் வந்தபோது எங்களுக்கு அதில் இடமில்லை, ஏனென்றால் நாங்கள் நோய்க் கணக்கில் வரவில்லை. வாரியம் வந்தபோது அது திருநங்கைகளுக்கு. திருநம்பிகள் வாரிய அடையாள அட்டை வாங்க அலைந்த கதை அவர்களைக் கேட்டால் தெரியும். 2025 ஜூலையில் வந்த மாநிலக் கொள்கையும் திருநர் கொள்கைதான். நகரம் முன்னோடிதான் மணி சார், நாங்கள் அந்த நகரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு முதலில் கிடைத்தது ஓரினம் மாதிரி நண்பர் வட்டம். 2003-இல் சின்னதாகத் தொடங்கி, தமிழில் எழுதி, பெற்றோருக்குக் கடிதம் மாதிரி எழுதி, வீட்டு ஹாலில் கூடி வளர்ந்தது. அப்புறம் 2009 ஜூன் 28, மெரினாவில் முதல் வானவில் பேரணி. நான் முகமூடி போட்டுக்கொண்டுதான் நடந்தேன். நாலு நாள் கழித்து ஜூலை 2-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-க்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப்போட்டதும் அடுத்த ஜூனிலும் நடந்தோம், முகமூடி இல்லாமல். ஆழாக்கு சார், ஊர்வலம் எதற்கு என்று கேட்டீர்களே, என் மாதிரி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருப்பாள் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஆழாக்கு:
வீட்டு ஹாலில் கூடுவதை யாரும் தடுக்கவில்லையே அம்மா. வீட்டுக்குள் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தெற்குமாசி:
வீட்டுக்குள்தான் சார் பிரச்சினையே. 2021-இல் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்தார்கள், வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் விசாரிக்க வந்தது. 377 போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். 'மாற்றுகிறேன்' என்று செய்யும் வைத்தியத்தை நிறுத்தச் சொன்னார். 2022-இல் போலீஸ் நடத்தை விதியிலேயே எங்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று சேர்த்தார்கள். அப்படியும் 2025 மே மாசம் ஒரு பெண்ணை அவள் வீட்டார் அடைத்து வைத்து, தோழி ஆட்கொணர்வு மனு போட்டு, உயர் நீதிமன்றம் விடுவித்தது. கல்யாணம்தான் குடும்பத்துக்கு ஒரே வழி என்று இல்லை, தானே தேர்ந்தெடுத்ததும் குடும்பம்தான் என்று சொன்னார்கள். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், ஒவ்வொரு ஜோடியும் கோர்ட்டுக்கா போக முடியும்?

செவ்வந்தி:
எதற்குக் கோபித்துக்கொள்ளப்போகிறேன். நீ சொன்னது உண்மைதான் கண்ணு. அந்தப் பாய் விரித்த அறையில் பெண்கள் வந்து உட்கார்ந்த ஞாபகம் எனக்கு இல்லை. எங்களுக்குத் தோணவே இல்லை.

ஆனால் ஒன்று, எங்களுக்கே முழுசாகக் கிடைத்துவிட்டது என்றும் நினைக்காதே. 2015-இல் எங்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். தலித் திருநங்கை என்ன செய்வாள், எந்தச் சாதியை விடுவாள்? அதனால்தான் தலித் திருநங்கை செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் எல்லாப் பிரிவுக்குள்ளும் தனி உள் ஒதுக்கீடு வேண்டும் என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்.

மயிலை மணி:
சரி, ஒப்புக்கொள்கிறேன், "கேட்பதற்கு முன்னாலேயே" என்று எழுதினது தப்பு. வியாசர்பாடி விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்துவிட்டேன், அதுவும் தப்புதான். ஆனாலும் மற்ற மாநிலத்தைவிட இங்கே நிலைமை மேல் என்று சொல்வதில் நான் மாறவில்லை. சாதாரண ஜனங்களும் மாறியிருக்கிறார்கள், இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

தெற்குமாசி:
நானும் என் துணையும் பதினோரு வருஷமாகச் சென்னையில் ஐந்து வீடு மாறிவிட்டோம். ஐந்திலும் அக்கா தங்கை என்று சொல்லித்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். இப்போது இருக்கிற வீட்டையும் ஆகஸ்டில் காலி செய்ய வேண்டும்.

வியாசர்பாடிக்காரன்:
மணி சார், உங்கள் மாடி போர்ஷன் வாடகைக்கு என்று போன மாசம் இங்கேதானே போட்டிருந்தீர்கள்?

மயிலை மணி:
இருக்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.