மீனை விட்ட அம்மாவுக்குப் புரதம் எங்கிருந்து?

தக்கலை மகள்:
அம்மாவுக்கு 64 வயது, எடை 55 கிலோ. போன வருஷம் ஒரு நேர்ச்சைக்காக மீன், கறி, முட்டை எல்லாம் விட்டார். நேர்ச்சை முடிந்தபிறகும் இனி வேண்டாம் என்கிறார். இப்போது தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. கெண்டைக்கால் சதை வற்றிவிட்டது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, புரதம் போதவில்லை, சாப்பாட்டைக் கவனியுங்கள் என்றார். சொந்தக்காரர்கள் மீன் தின்னாமல் சரியாகாது என்கிறார்கள். அம்மாவை வற்புறுத்த எனக்கு மனசில்லை. மீனும் கறியும் இல்லாமல் முடியுமா, முடியாதா?

குளச்சல் வள்ளம்:
தங்கச்சி, என் கருத்து, மீன்தான் வழி. 100 கிராம் சாளை மீனில் (மத்தி) 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு வேளைக் குழம்போடு வேலை முடிந்தது. அதே அளவைப் பயறில் தேடினால் ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தின்ன வேண்டும், அப்போதும் மீன் போல முழுசாகச் செரித்துச் சேராது. வயசானவர்களுக்குப் பசியே குறைவு. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு, கொஞ்சத்தில் நிறையத் தருகிற சாப்பாடுதானே வேண்டும்? எங்கள் அப்பா 78 வயசிலும் கடற்கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்.

பார்வதிபுரம் அடுக்களை:
அண்ணாச்சி சொல்லும் சாளைக் கணக்கு சரிதான். முடியாது என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கச்சி, அம்மா நேற்று என்ன சாப்பிட்டார் என்று ஒன்று விடாமல் எழுதும்மா.

தக்கலை மகள்:
காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் துவரன் (பொரியல்). சாயங்காலம் ஒரு காப்பி. ராத்திரி சம்பா அரிசிக் கஞ்சியும் துவையலும். சில நாள் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்வார். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே அக்கா?

பார்வதிபுரம் அடுக்களை:
அந்தச் சாம்பாரில்தான் நாம் எல்லோரும் ஏமாறுகிறோம். நாலு பேருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? எங்கள் வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், 60 கிராம். தலைக்கு 15 கிராம் பருப்பு, அதில் புரதம் மூன்று கிராம்தான்.

இப்போது அம்மாவின் நாளைக் கூட்டுகிறேன். இட்லியும் சட்னியும் 7, சோறு ஏழரை, சாம்பார் 3, துவரன் 2, காப்பியில் விட்ட பால் 3, கஞ்சியும் துவையலும் 5. மொத்தம் இருபத்தேழரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அம்மாவுக்கு 46 கிராம் வருகிறது. வயதானவர்களுக்குச் சதை வற்றாமல் இருக்க 1 முதல் 1.2 வரை வேண்டும் என்கிற ஊட்டச்சத்து வல்லுநர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் 55க்குக் குறையக்கூடாது. அம்மா பாதியில் நிற்கிறார்.

மரச்சீனியையும் பாருங்கள். 100 கிராமில் ஒன்றரை கிராம்கூடப் புரதம் கிடையாது. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா காலத்திலிருந்து ஏழை வீடுகளைக் காத்த கிழங்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊரில் அது மீன்குழம்போடு சேர்ந்து வந்த சாப்பாடு. மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் மிளகாயை வைத்தால் எப்படிச் சதை பிடிக்கும்?

மார்த்தாண்டம் ஜிம்:
இவ்வளவு கணக்கு எதற்கு? புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் பாலில் கலக்குங்கள். 24 கிராம் ஒரே மூச்சில் ஆச்சு.

பார்வதிபுரம் அடுக்களை:
தம்பி, வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு டாக்டர் எழுதித் தந்தால் நானே கலக்கிக் கொடுப்பேன். இந்த அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார். மூன்று வேளைத் தட்டை மாற்றினால் போதும்.

காலையில் புட்டு. 60 கிராம் மாவுக்கு 50 கிராம் சிறுபயறு (ஊறுவதற்கு முன் நிறுத்தது). இரண்டுமாக 16 கிராம் வரும். புட்டும் பயறும் பப்படமும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பயறை மட்டும் கூட்ட வேண்டும். மதியம் சோற்றோடு 30 கிராம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து விடுங்கள், 200 கிராம் தயிரும். அது 20. சாயங்காலம் காப்பியோடு ஒரு கை வறுத்த நிலக்கடலை, 10. ராத்திரிக் கஞ்சிக்கு 20 கிராம் காணம் (கொள்ளு) வறுத்து அரைத்த துவையல், 8. மொத்தம் 54. சோயா உருண்டை பிடித்தால் இன்னும் எளிது, காய்ந்த எடையில் பாதி புரதம்தான்.

குளச்சல் வள்ளம்:
சரி, கணக்கு வருகிறது. வயிறு தாங்குமா? எங்கள் வீட்டில் விசைப்படகு தடைக்காலத்தில், ஜூனிலும் ஜூலையிலும், மீன் விலை ஏறினால் பெரும்பயறுதான். இரண்டாம் நாளே எல்லோருக்கும் வாயு. அப்புறம் அரிசியிலும் பயறிலும் இருக்கிற புரதம் அரைகுறை என்கிறார்களே?

பார்வதிபுரம் அடுக்களை:
புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பயறில் குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது தருகிறது. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் இரண்டும் உள்ளே போனால் போதும். கஞ்சியும் பயறும் சாப்பிட்ட நம் பாட்டிமார் இதைத்தான் செய்தார்கள்.

வாயு உண்மை. ராத்திரி முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், முளைகட்டினால் இன்னும் நல்லது. முதல் வாரம் 20 கிராமில் தொடங்குங்கள். பெரும்பயறை விடச் சிறுபயறு வயிற்றுக்கு லேசு.

குளச்சல் வள்ளம்:
இதையும் கேட்டுக்கொள் தங்கச்சி. பயறில் வைட்டமின் பி12 கிடையாது. மீனில் இருந்தது. பாலிலும் தயிரிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் ஒரு காப்பி குடிக்கிறவருக்கு அது எந்த மூலைக்கு? ரத்தத்தில் பி12 அளவு பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேள். மீன்தான் நல்லது என்ற என் எண்ணம் மாறவில்லை. அம்மா மனசு ஒப்பாமல் ஊட்டவும் வேண்டாம்.

பார்வதிபுரம் அடுக்களை:
அண்ணாச்சி சொன்னது மிக முக்கியம், நான் விட்டுவிட்டேன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் இரண்டு வந்தாலும் சரி. வேலை கொடுக்காத சதையில் எவ்வளவு பயறு போட்டாலும் தங்காது.

தக்கலை மகள்:
சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பி12 பார்க்கவில்லை, திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறோம். வடசேரி சந்தையில் சிறுபயறும் காணமும் வாங்கிவந்தாச்சு. இன்று காலை 20 கிராம் பயறோடு புட்டு வைத்தேன். நாற்காலியில் மூன்று தடவை எழுந்தார். நாலாவதுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.