மேப்பிள் காய்ச்சும் கொட்டகைக்குக் கல் சுவர் வேண்டுமா, வேண்டாமா?

லானார்க்_காடு:
கனடாவில் ஒட்டாவாவுக்குத் தென்மேற்கே லானார்க் கவுண்டியில் எங்களுக்குக் கொஞ்சம் சர்க்கரை மேப்பிள் காடு இருக்கிறது. அந்த மரங்களின் சாற்றைச் சிரப்பாகக் காய்ச்சுகிறோம். இதுவரை திறந்தவெளியில்தான் காய்ச்சினோம். அடுத்த மார்ச்சுக்குள் ஒரு கொட்டகை கட்டிவிட வேண்டும். சாறு இறக்க மரங்களில் 300 குழாய் அடிக்கிற அளவு, 12 அடிக்கு 16 அடி, பக்கத்தில் விறகுச் சாய்ப்பு. வேலி ஓரமெல்லாம் பழைய விவசாயிகள் வயலில் பொறுக்கிக் குவித்த கல் கிடக்கிறது. பக்கத்துப் பண்ணையில் பழைய பார்ன் (மாடு, தீவனத்துக்கான பெரிய மரக்கொட்டகை) ஒன்றைப் பிரிக்கிறார்கள். கோடரியால் செதுக்கிய ஹெம்லாக் (ஓர் ஊசியிலை மரம்) உத்திரங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான்கு பக்கமும் கூரை வரை கல், மேலே அந்த மரம் என்பது என் திட்டம். இடம் சரிவின் அடியில், சாறு தானாகவே இறங்கி வந்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தச்சன்மகன்:
தம்பி, மரத்தை எடுங்கள், கல்லை விடுங்கள்.

மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் சிரப்புக்கு 40 லிட்டர் சாறு வேண்டும். பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால் கருப்பட்டி காய்ச்சுகிற கணக்கை வைத்து இதை யோசிக்க முடியாது. 2 அடிக்கு 6 அடி காய்ச்சும் தட்டு நன்றாகக் கொதித்தால் மணிக்கு 100 லிட்டர் அளவில் தண்ணீர் ஆவியாகும். அதில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றி, ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கல்லில் படும், வழிந்து மூட்டுகளில் இறங்கும். ராத்திரி அது உறையும், மறுநாள் உருகும். இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் மேப்பிள் சாறு விடும். கல் கட்டுமானத்தைப் பிளக்கிற வானிலையும் அதேதான். வருஷத்தில் அந்தச் சில வாரங்களைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீர் ஊற்றுவதற்காக ஒரு சுவர் கட்டுவீர்களா?

எடையையும் பாருங்கள். ஒன்றரை அடி கனம், எட்டடி உயரம், சுற்றிலும் 56 அடி. கதவு, ஜன்னல் போக சுமார் 40 டன் வரும். ஒட்டாவா பக்கம் உறைபனி ஒன்றரை மீட்டர் இறங்கும் என்று வைத்துத்தான் அஸ்திவாரம் போடுகிறோம். சூடாக்காத கட்டடத்துக்கு இன்னும் ஆழம். ஆறு வாரம் அடுப்பு எரிகிற இடத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

சுண்ணாம்பு_கொத்தன்:
அண்ணா சொன்ன வானிலையில்தான் லானார்க்கில் உள்ள பெர்த் ஊர் முழுக்கக் கல் வீடுகள் நிற்கின்றன. ஒட்டாவாவில் தொடங்கும் ரிடோ கால்வாய் 1826 முதல் 1832 வரை வெட்டப்பட்டபோது வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக் கொத்தனார்களில் பலர் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். லானார்க்கில் கல் கட்டடம் என்பது வெளியூர் ஆசை இல்லை, அந்த மண்ணின் வேலை.

நான் பழுது பார்க்கப் போகிற சுவர்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பழைய சுண்ணாம்புப் பூச்சு நன்றாக இருக்கும். அதன்மேல் பிற்காலத்தில் யாரோ போர்ட்லாண்ட் சிமென்ட் அடைத்த இடத்தில்தான் கல்லின் முகம் தகடு தகடாக உரிந்திருக்கும். சிமென்ட் இறுக்கமானது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புக் கலவை ஈரத்தை மூட்டு வழியாகவே வெளியே விட்டுவிடும். தம்பி, உங்கள் கல் என்ன கல்? கிரானைட், அதைப் போலவே கடினமான நைஸ் (gneiss) என்றால் தண்ணீரைப் பெரிதாக உறிஞ்சாது. தகடாகப் பிரிகிற சுண்ணாம்புக் கல் என்றால் அண்ணா சொல்வதில் நியாயம் உண்டு.

அமெரிக்காவின் வெர்மான்ட்டுக்கு 1932இல் போன ஸ்காட், ஹெலன் நியரிங் தம்பதியை நினைத்துப் பாருங்கள். மேப்பிள் காய்ச்சித்தான் பிழைத்தார்கள், கட்டடங்களைத் தங்கள் கையாலேயே கல்லில் கட்டினார்கள்.

தச்சன்மகன்:
நியரிங் தம்பதி கையாண்டது எர்னஸ்ட் ஃபிளாக் என்ற கட்டடக் கலைஞர் சொன்ன அச்சுப்பலகை முறை. முகத்தில் கல், பின்னால் கான்கிரீட். பெர்த் வீடுகளும் வேறு கதைதான்: குளிர்காலம் முழுக்க உள்ளே ஆள் இருந்து அடுப்பு எரிந்த வீடுகள். பத்து மாதம் பூட்டிக் கிடந்து, திடீரென்று ஒரு நாள் நீராவியில் குளிக்கிற கட்டடத்தோடு அவற்றை எப்படி ஒப்பிடுவது?

லானார்க்_காடு:
கல் பெரும்பாலும் சிவப்பு, சாம்பல் நிற கிரானைட்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடத்தில் மண்ணே அதிகமில்லை. பின் பாதியில் பாறை வெளியே தெரிகிறது, முன் பாதியில் அரை அடி தோண்டினால் பாறை.

சுண்ணாம்பு_கொத்தன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வாதம் குறைந்திருக்கும்! பாறையை உறைபனி தூக்காது. மேலே இருக்கிற மண், பாசியை முழுக்க வழித்துக் கழுவிவிட்டு, சரிந்த இடத்தில் படியாகச் செதுக்கி, நேரடியாக அதன்மேலேயே கட்டலாம். சரிவில் இருந்து வரும் உருகுநீருக்கு மட்டும் மேல்பக்கம் ஒரு கால்வாய் வெட்டி விடுங்கள்.

சாறுகாய்ச்சி:
வெர்மான்ட்டில் இருந்து எழுதுகிறேன். சீசன் தவறாமல் காய்ச்சுகிறவள். நீங்கள் இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் மேலே இருக்கிற மரம்தான்.

மாடு கட்டிய பார்னில் இருந்து வந்த உத்திரம். நூறு வருஷத் தூசி, சாணம், புறா எச்சம் எல்லாம் வெடிப்புகளில் ஊறியிருக்கும். ஆவி மேலே போய் அந்த உத்திரத்தில் படுகிறது, குளிர்கிறது, பழுப்பு நிறச் சொட்டாகத் திரள்கிறது. நேர் கீழே என்ன இருக்கிறது? மூடாத தட்டு. அதுவும் சிரப் தட்டுக்கு மேல் விழுந்தால், 40 லிட்டர் சாறு ஒரு லிட்டராக ஒடுங்கிய இடத்தில் விழுகிறது. பிறகு எந்த வடிகட்டியாலும் அந்த வாடையை எடுக்க முடியாது.

தம்பி, பார்ன் பலகைகளில் பெயின்ட் இருக்கிறதா? பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உள்ளே கொண்டுவராதீர்கள். தண்டவாளக் கட்டை, பழைய மின்கம்பம் எதையும் சேர்த்துக்கொள்ளவே கூடாது, அவை கிரியோசோட், பென்டாகுளோரோபீனால் போன்ற நச்சு மரக்காப்பு மருந்தில் ஊறியவை. வெட்டி மிஞ்சிய பெயின்ட் துண்டுகளை அடுப்பிலும் போடாதீர்கள்.

தச்சன்மகன்:
அக்கா, அதற்காக அந்த மரத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள். காட்டில் மெதுவாக வளர்ந்த ஹெம்லாக், வளையங்கள் நெருக்கமாக இருக்கும். மரத்தை மரத்தில் செருகி மர ஆப்பு அடித்த சட்டகம் ஒன்று பிரிகிற நேரத்தில் கையில் கிடைப்பது பெரிய பாக்கியம். கம்பித் தூரிகையால் தேய்த்து, அழுத்த நீரில் கழுவி, நிழலில் உலர்த்தலாம். பூச்சித்துளையில் புதுத்தூள் கொட்டினால் சூட்டறையில் வைக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் நின்றால் புழு செத்துவிடும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ஊசியைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்த முனையை வெட்டிவிடுங்கள். தரம் பார்த்துக் குத்துகிற கிரேடு முத்திரை இல்லாத மரம் என்பதால் நகராட்சி பொறியாளர் கையெழுத்து கேட்கலாம், பிரிக்கிறதுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

சாறுகாய்ச்சி:
கழுவின மரமும் சொட்டும். என் வழி இது: தட்டுக்கு மேல் துருப்பிடிக்காத எஃகில் ஒரு மூடி, சுற்றிலும் வடிநீர்க் காடி, அதில் இருந்து ஆவிக் குழாய் நேரே கூரைக்கு வெளியே. சிரப் தட்டை மட்டும் பார்த்துக்கொள்வதற்காகத் திறந்து வைக்கலாம். அதற்கு நேர் மேலே உத்திரம் வராதபடி சட்டகத்தை அமையுங்கள். முகட்டில் கயிறு இழுத்தால் திறக்கிற கதவுள்ள ஆவிக்கூண்டு கட்டாயம் வேண்டும். அதன் நீளம் அடுப்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. கீழேயும் காற்று நுழைய வழி விடுங்கள், இல்லாவிட்டால் ஆவி மேலே ஏறாது. கல் சுவரில் அந்தக் காற்றுவழியைப் பிறகு வெட்ட முடியாது என்பதையும் யோசியுங்கள்.

போத்தலில் அடைக்கும் இடம் தனி அறையாக, கழுவக்கூடிய வழவழப்பான சுவரோடு இருக்கட்டும். விற்கப் போகிறீர்கள் என்றால் அங்கே சொரசொரப்பான பார்ன் பலகை வேண்டவே வேண்டாம்.

லானார்க்_காடு:
நான் கல் கேட்பதற்கு முக்கியக் காரணம் நெருப்பு. கொட்டகைகள் எரிந்து போவதைக் கேள்விப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு கோர்டு (128 கன அடி அடுக்கு) விறகுக்கு 25 கேலன் சிரப் என்ற பழைய கணக்குப்படி பார்த்தால் ஒரு சீசனுக்கு மூன்று கோர்டுக்கு மேல் எரிப்பேன். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த ஹெம்லாக் நிற்பதை நினைத்தால் தூக்கம் வராது.

தச்சன்மகன்:
அது நியாயமான பயம். ஆனால் புகைக்குழாய் கூரையைத் துளைக்கிற இடத்தில்தான் அதிகம் பற்றும், சுவரில் இல்லை. ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரத்துக்கும் அதற்கும் 18 அங்குலம் விடுங்கள்.

சுண்ணாம்பு_கொத்தன்:
அடுப்புக்குப் பின்னால் மேற்குச் சுவர் முழுக்கக் கல்லாக வரட்டும், மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கல் போதும். கனத்தைக் குறைக்காமலே கல் இருபது டன்னுக்குள் முடிந்துவிடும். மரச் சட்டகம் அந்தத் திட்டின் மேல் நிற்கும், பனியும் சேறும் மரத்தைத் தொடாது. நீங்கள் சொன்ன நெருப்புக்கும் பதில் ஆயிற்று. அடுப்பின் உள்பக்கம் மட்டும் வயல் கல்லை வைக்காதீர்கள், ஈரம் உள்ள கல் சூட்டில் வெடிக்கும். அங்கே தீச்செங்கல்தான்.

தச்சன்மகன்:
முழங்கால் திட்டு சரி, பாறைமேல் என்பதால் ஒப்புக்கொள்கிறேன். மேற்குச் சுவர் முழுக்கக் கல் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். காற்று அடிக்கிற பக்கம் அது, ராத்திரி அதிகம் குளிரும் பக்கமும் அதுதான். அங்கே உலோகத் தகடு, பின்னால் ஓர் அங்குலக் காற்று இடைவெளி, அதற்குப் பின்னால் மரம். நெருப்புக்கு அது போதும், ஆவியும் வழிந்து கீழே வடிந்துவிடும்.

லானார்க்_காடு:
முழங்கால் திட்டு முடிவாகிவிட்டது. மூடியும் ஆவிக்கூண்டும் அக்கா சொன்னபடியே. மேற்குச் சுவரை இன்னும் யோசிக்கிறேன். அடுப்பையே சுவரில் இருந்து நாலடி தள்ளி வைத்தால் கல்லில் படும் ஆவி குறையுமா, கொத்தன் அண்ணா?

சுண்ணாம்பு_கொத்தன்:
குறையும். அதைவிட முக்கியம் காலம். சுண்ணாம்புக் கலவை இறுகுகிற வாரங்களில் இரவிலும் 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. லானார்க்கில் செப்டம்பர் பாதிக்குள் கடைசிக் கல் வைத்தாக வேண்டும். ஜூலையில் ஆரம்பிக்க முடியாவிட்டால் இந்த வருஷம் தச்சன்மகன் அண்ணா சொன்ன தகட்டையே போட்டுக் காய்ச்சுங்கள். மேற்குப் பக்கம் கல்லுக்கு இடம் விட்டு வையுங்கள்.