ஒராண்டா மேலே வந்து வாய் பிளக்கிறது, செவுளில் வெள்ளைப் புள்ளி, மருந்து போட்டும் சரியாகவில்லை

செங்காங்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்லருந்து எழுதறேன். கொஞ்சம் அவசரம்.

இரண்டடித் தொட்டி, தண்ணி 55 லிட்டர், மேலே ஓவர்ஹெட் ஃபில்டர். ரெண்டு ஒராண்டா, ஒரு கருப்பு மூர், மூணும் தங்கமீன் வகைதான். ஹால்ல இருக்கு, ஏர்கான் கிடையாது, தண்ணி 29 டிகிரி. ஒரு வருஷத்துக்கு மேல தொந்தரவு இல்லாம ஓடின தொட்டி.

பெரிய ஒராண்டாவோட செவுள் மூடியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சது. பக்கத்துக் கடையில போட்டோ காட்டினேன். வெள்ளைப்புள்ளி நோய்னு சொல்லி நீல மருந்து குடுத்தாங்க. போடறதுக்கு முன்னாடி தொட்டியை நல்லா சுத்தம் பண்ணினோம். பாதித் தண்ணி மாத்தி, ஃபில்டர் பஞ்சைப் புதுசா வச்சு, ஃபில்டருக்குள்ள இருக்கிற பயோ ரிங்கையெல்லாம் குழாயிலேயே தேய்ச்சுக் கழுவி வச்சோம். ஊத்தினது ராத்திரி முழுக்க வாளியில பிடிச்சு வச்ச தண்ணிதான்.

இப்ப மூணும் மேலே வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. துடுப்பையெல்லாம் ஒடுக்கி வச்சிருக்கு, வால்ல சிவப்பா கோடு ஓடுது. மூருக்கு ஒரு கண்ணு மங்கிப்போச்சு. அந்தப் புள்ளி மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருந்தை ரெண்டு மடங்கு ஆக்கலாமா?

ராஞ்சு_பிரியன்

வெள்ளைப்புள்ளின்னா யோசிக்கவே வேண்டாம் அக்கா. ஹீட்டர் போட்டு 32க்கு ஏத்துங்க, கல் உப்பு போடுங்க. சூட்டுல அந்த ஒட்டுண்ணி பெருக முடியாது. மருந்தையும் நிறுத்தாதீங்க.

பழைய_தொட்டி

தம்பி, ஒரு நிமிஷம். மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறுது. சூடு ஏற ஏறத் தண்ணியில ஆக்சிஜன் குறையும். இந்த நிலைமையில 32க்கு ஏத்தினா ஒட்டுண்ணி சாகறதுக்கு முன்னாடி ஒராண்டா போயிடும்.

செங்காங் அம்மா, ரெண்டு கேள்வி. புள்ளி உடம்பு, வால் எல்லா இடத்துலயும் ரவை தூவின மாதிரி இருக்கா, இல்லை செவுள் மூடியில மட்டும்தானா? பக்கத் துடுப்போட முன் ஓரத்துத் தண்டைப் பாருங்க. அங்கேயும் வரிசையா சொரசொரன்னு இருக்கா?

செங்காங்_அம்மா

செவுள் மூடியில மட்டும்தான். நீங்க சொன்ன பிறகு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், துடுப்போட முன் ஓரத்துலயும் சின்னச் சின்னதா வரிசையா இருக்குண்ணே. உடம்புல, வால்ல ஒண்ணுமே இல்லை.

பழைய_தொட்டி

அப்ப அது நோயே இல்லைம்மா. உங்க பெரிய ஒராண்டா ஆண். பருவம் வந்த ஆண் தங்கமீனுக்குச் செவுள் மூடியிலயும் பக்கத் துடுப்பின் முன் தண்டிலயும் இப்படி இனப்பெருக்கப் புள்ளி வரும், தானா மறையும். நிஜமான வெள்ளைப்புள்ளி நோய் இப்படி இடம் பார்த்து வரிசையா உக்காராது. உடம்பெங்கும் சிதறும், நாளுக்கு நாள் கூடும், மீன் கல்லுலயும் கண்ணாடியிலயும் போய் உரசும். 29, 30 டிகிரியில ஓடுற நம்ம ஹால் தொட்டியில அது நிலைக்கிறதும் கஷ்டம். நான் பார்த்தவரை இங்கே அது வர்றது ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுற படுக்கையறைத் தொட்டியில, இல்லைன்னா புதுசா வாங்கின மீனை அப்படியே உள்ளே விட்டவங்க தொட்டியில.

மூச்சுத்திணறல் மூணு மீனுக்கும் ஒரே நேரத்துல வந்திருக்கு, கூடவே சிவப்புக் கோடு, மூருக்கு மங்கின கண்ணு. கிருமி இப்படி ஒரே நாள்ல எல்லாத்தையும் பிடிக்கிறது அபூர்வம். என் சந்தேகம் தண்ணி மேலதான். மீன் கழிவுலருந்து வர்ற அம்மோனியா ஏறியிருக்கலாம், அதைப் பார்க்கிற டெஸ்ட் கிட் இருக்கா?

கொளத்தூர்_பையன்

அண்ணா, தண்ணிதான் ராத்திரி முழுக்க பிடிச்சு வச்சதாச்சே? சென்னை கொளத்தூர்ல நாங்க எல்லாம் அப்படித்தான் செய்வோம், ஒண்ணும் ஆகாது.

பழைய_தொட்டி

கொளத்தூர்ல சரி தம்பி. போர் தண்ணியா இருக்கும், இல்லைன்னா வெறும் குளோரின். குளோரின் காத்துல போயிடும். சிங்கப்பூர்ல பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணியில விடுறது குளோரமைன், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குழாய் வழியா நெடுந்தூரம் போனாலும் கிருமியைத் தடுக்கணும்னுதான் கலையாத பொருளாப் பார்த்துப் போடுறாங்க. நமக்கு நல்லது, மீனுக்குக் கெட்டது. ராத்திரி ஒண்ணுல அது போகாது. செவுள் வழியா ரத்தத்துல ஏறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாம பண்ணிடும். தண்ணியில காத்து இருந்தும் மீன் திணறும்.

ராஞ்சு_பிரியன்

அப்ப ஒரு வருஷமா எப்படி ஒண்ணும் ஆகலை? அவங்க எப்பவும் வாளித் தண்ணிதானே ஊத்தியிருப்பாங்க.

செங்காங்_அம்மா

ஆமா, எப்பவும் வாரத்துக்கு ஒரு வாளிதான் மாத்துவோம். இந்தத் தடவைதான் பாதித் தொட்டி.

பழைய_தொட்டி

அதான் பதில். ஒரு வாளி குளோரமைனைத் தொட்டியில இருக்கிற அழுக்கும் பாக்டீரியாவும் எப்படியோ தாங்கிடும். பாதித் தொட்டின்னா தாங்காது. அதே நாள்ல பயோ ரிங்கைக் குழாயில கழுவினதால அதுல ஒட்டி வாழுற, அம்மோனியாவைச் சாப்பிடுற பாக்டீரியா பெரும்பாலும் போயிருக்கும். மிச்சம் இருந்ததுக்கு நீல மருந்து. அது மெத்திலீன் ப்ளூன்னா ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆகாது. தங்கமீன் மூணும் போடுற கழிவு அப்படியே தண்ணியில நிக்குது.

இப்பவே செய்ய வேண்டியது: குளோரமைனை நீக்கும்னு லேபிள்ல எழுதியிருக்கிற கண்டிஷனரா வாங்குங்க. பல பாட்டில்ல குளோரினுக்கு ஒரு அளவு, குளோரமைனுக்கு அதைவிடக் கூடுதல் அளவு போட்டிருக்கும், ரெண்டாவதைப் பாருங்க. சாதாரண ஆன்ட்டி-குளோரின் சொட்டு குளோரமைனை உடைக்கும், ஆனா உடைஞ்ச அம்மோனியாவை அங்கேயே விட்டுடும். ஃபில்டர் நல்லா இருந்தா அது சாப்பிட்டுடும், உங்க ஃபில்டர் இப்ப சாப்பிடாது. கண்டிஷனர் போட்டுப் பாதித் தண்ணி மாத்துங்க. ஏர் ஸ்டோன் ரெண்டு போடுங்க. நீலம் போக ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒண்ணு வைங்க. சாப்பாடு வேண்டாம், தங்கமீன் சில நாள் பட்டினி தாங்கும்.

தண்ணி தெளிஞ்ச பிறகுதான் டெஸ்ட். நீலத் தண்ணியில நிறம் பார்த்துப் படிக்கிற கிட் எதையுமே சரியாக் காட்டாது. இங்கே நிறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க.

டெட்ரா_அக்கா

சிராங்கூன் நார்த் அவென்யூ 1ல வரிசையா மீன் கடைதான், கிட் கிடைக்கும். ஸ்ட்ரிப் வேண்டாம், சொட்டு விட்டுக் குலுக்குற வகை வாங்குங்க. டியூபை ஜன்னல் வெளிச்சத்துல வெள்ளை அட்டையில வச்சுப் பாருங்கம்மா. நம்ம ஹால் லைட்டுல மஞ்சளே லேசாப் பச்சையாத் தெரியும்.

அப்படியே வாயைச் சுத்தி வெள்ளையாப் பஞ்சு பிடிச்சிருக்கான்னும் பாருங்க. பூஞ்சைன்னு நினைச்சு எல்லாரும் சூடு ஏத்துவாங்க, அது பெரும்பாலும் காலம்னாரிஸ்னு ஒரு பாக்டீரியா, சூட்டுல இன்னும் வேகமாப் பரவும்.

செங்காங்_அம்மா

வாயில பஞ்சு இல்லைக்கா. நேத்து ராத்திரியே தண்ணி மாத்தி கார்பன் வச்சோம், கொஞ்சம் கீழே இறங்கி நீந்துதுங்க. இன்னைக்குக் காலையில டெஸ்ட்: அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், நைட்ரைட் 0, பிஹெச் 7.8. சும்மா பார்ப்போமேன்னு ராத்திரி பிடிச்சு வச்ச வாளித் தண்ணியையும் டெஸ்ட் பண்ணினேன். ஒண்ணுமே போடாத தண்ணி, 0.5 காட்டுது! டியூப் பச்சையா நிக்குது.

பழைய_தொட்டி

அந்த 0.5 குளோரமைனுக்குள்ள இருக்கிற அம்மோனியாதான். தம்பி, வாளித் தண்ணிக்குச் சாட்சி கிடைச்சிடுச்சு.

தொட்டியில 2 அதிகம். பாதித் தண்ணி மாத்தின பிறகும் இவ்வளவுன்னா முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்னு பார்த்துக்குங்க. கிட் காட்டுறது மொத்த அம்மோனியா. அதுல விஷமான பங்கு பிஹெச்சையும் சூட்டையும் பொறுத்தது. 7.8ல, 29 டிகிரியில ஏறக்குறைய இருபதுல ஒரு பங்கு விஷம். பிஹெச் 6.8 ஆ இருந்தா இருநூறுல ஒரு பங்குதான். ஒரே எண், ஒரு தொட்டியில ஆபத்து, இன்னொண்ணுல சமாளிக்கலாம். அதுக்காக பிஹெச்சை இறக்க மருந்து வாங்காதீங்க, திடீர்னு மாறினா மீனுக்கு அது வேற அடி.

தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணி, கண்டிஷனரோட. கண்டிஷனர் கட்டி வச்ச அம்மோனியாவையும் கிட் காட்டும், எண் உடனே குறையலைன்னு பயப்படாதீங்க, மீனைப் பாருங்க. பாக்டீரியா திரும்ப வளர்ந்து அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் மீனுக்கு விஷம்தான், அதனால கொஞ்ச நாள்ல நைட்ரைட் ஏறும். அப்ப லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போடுங்க. உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட்டைச் செவுள்ல ஏற விடாது. உப்பு ஆவியாப் போகாது, அதனால அப்புறம் மாத்துற தண்ணிக்கு மட்டும் அளந்து போட்டாப் போதும்.

டெட்ரா_அக்கா

நான் அங்கர்வேல்லதான் இருக்கேன். என் ஃபில்டர்ல ஓடுற பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு தரேன், தொட்டித் தண்ணியோட பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. காய விடாம நேரா உங்க ஃபில்டருக்குள்ள வச்சுடுங்க. பாக்டீரியா புதுசா வளரக் காத்திருக்கிறதைவிட இது வேகம். என் தொட்டியில நோய் எதுவும் இல்லை.

கொளத்தூர்_பையன்

முடியலைன்னா பொங்கோல் கால்வாய்ல விட்டுடலாமேன்னு ரூம்மேட் சொல்றான் 😅

டெட்ரா_அக்கா

விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீங்க தம்பி. இங்கே வளர்ப்பு மீனை நீர்நிலையில விடுறது குற்றம்.

செங்காங்_அம்மா

அக்கா குடுத்த ஸ்பாஞ்ச் வச்சாச்சு, ரொம்ப நன்றி. அம்மோனியா 0.25க்கு இறங்கிடுச்சு, நைட்ரைட் கொஞ்சம் ஏறியிருக்கு, உப்பு போட்டாச்சு. ஆனா இப்ப புதுப் பிரச்சினை. பெரிய ஒராண்டாவோட முதுகுலயும் வால் ஓரத்துலயும் கருப்பு கருப்பாத் திட்டு வருது! அழுகுதா?

பழைய_தொட்டி

அழுகலை, ஆறுது. அம்மோனியா சுட்ட இடம் ஆறும்போது தங்கமீனுக்குத் தோல் கருக்கும். வாரக்கணக்குல மங்கி மறையும், சிலதுக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். இதுக்கு மருந்து எதுவும் ஊத்தாதீங்க.

மூரோட கண்ணு தெளிய நாளாகும். கண்ணு இன்னும் வீங்கினா, இல்லை செதில் எல்லாம் விரிஞ்சு நின்னா, அப்ப மீன் பார்க்கிற கால்நடை மருத்துவர்கிட்ட போங்க, இங்கே இருக்காங்க. ஊர்லருந்து யாராவது ஆன்டிபயாடிக் கொண்டு வந்து குடுத்தா வாங்காதீங்க.

இன்னொண்ணு, 55 லிட்டருக்கு மூணு தங்கமீன் நெருக்கடி. இதுங்க வளர்ந்தா இந்த ஃபில்டர் போதாது, மூணடித் தொட்டிக்கு இடம் இருக்கான்னு பாருங்க.

செங்காங்_அம்மா

மூணடிக்கு வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும் அண்ணே. டிவி மேசையைத்தான் நகர்த்தணும்.