14ஆம் நாளை நம்பி நாங்கள் இழந்த நான்கு மாதங்கள்

எங்களுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உறவின்போது என் யோனித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும், வலி உயிர்போகும். அதற்கு வஜைனிஸ்மஸ் என்று மருத்துவர் பெயர் சொன்ன நாளில்தான், இது என் பிடிவாதமோ வெறுப்போ அல்ல என்பது எனக்கே விளங்கியது. சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், அதற்காகக் குழந்தை முயற்சியைத் தள்ளிப்போட வேண்டாம், கணவரின் விந்தை ஊசியில்லாத சிரிஞ்சு மூலம் வீட்டிலேயே செலுத்திப் பார்க்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். தொடங்கும் முன்பே கணவருக்கு விந்துப் பரிசோதனை, எனக்கு ஸ்கேன் எல்லாம் முடித்தோம். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையும் எடுத்துக்கொண்டேன்.

செய்முறை பிடிபட ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாள் கணக்கில்தான் சறுக்கினோம்.

'மாதவிலக்கு தொடங்கி 14ஆம் நாள்' என்று எல்லோரும் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, 13, 14 ஆகிய இரு நாள்களிலும் தவறாமல் செய்தோம். நான்கு மாதங்களும் ஏமாற்றம். என் சுழற்சி 34 நாள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரை ஏறத்தாழ இரண்டு வாரம். அந்தப் பின்பாதி பெரிதாக மாறாது. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். 34இல் 14 போனால் 20. அதாவது என் கருமுட்டை வெளிவருவது 20ஆம் நாளையொட்டி. விந்தணு உடலுக்குள் தாக்குப்பிடிப்பது அதிகபட்சம் ஐந்து நாள். வெளிவந்த கருமுட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். நாங்கள் 14ஆம் நாள் அனுப்பியவை யாருக்காகக் காத்திருக்கும்? இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு வெகுநேரம் அழுதேன்.

ஐந்தாம் மாதம் 15ஆம் நாளிலிருந்து எல்.ஹெச். ஹார்மோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையைப் பயன்படுத்தினேன். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் திடீரென உயரும் ஹார்மோன் அது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிப்பதில்லை. கர்ப்பப் பரிசோதனையைப் போல மங்கலான கோடு தெரிந்தாலே போதும் என்று இதில் எண்ணிவிடக் கூடாது. பட்டையில் எப்போதும் தெரியும் ஒப்பீட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருக்க வேண்டும். 18ஆம் நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டாவது கோடு தண்ணீரில் கரைந்த மை போல வெளிறித் தெரிந்தது. அன்று மாலை இரண்டும் ஒரே நிறம். கோடு அப்படித் தெரிந்த பிறகு பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும்.

ஆனால் பட்டைக்காக மட்டும் காத்திருந்தால் நல்ல நாள்கள் நழுவிவிடும். 17ஆம் நாளே வெள்ளைப்படுதல் மாறியிருந்தது. இரு விரல்களுக்கு இடையே பச்சை முட்டையின் வெண்கரு போல அறாமல் நீண்டது. விந்தணுக்களை வாழவைப்பது அந்தத் திரவம்தான். எனவே 17ஆம் நாள் ஒருமுறை, 18ஆம் நாள் மாலை ஒருமுறை, 19ஆம் நாள் ஒருமுறை என்று செய்தோம்.

விந்தைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் எடுத்து, கட்டியாக இருப்பது இளகும்வரை சுமார் அரைமணி நேரம் அறை வெப்பத்திலேயே வைத்தோம். சூடாக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். எச்சில், சோப்பு, சாதாரண வழுவழுப்பு ஜெல் எதுவும் படக் கூடாது. ஆணுறையில் சேகரிக்கவும் கூடாது. சிரிஞ்சில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, மெல்ல மெல்ல யோனிக்குள் மட்டும் விட வேண்டும். கருப்பைக்குள் செலுத்த ஒருபோதும் முயலாதீர்கள். கழுவிச் சுத்திகரிக்காத விந்து கருப்பைக்குள் போனால் கடும் வலியும் தொற்றும் வரலாம். அந்த வேலை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். வேறொருவர் தரும் விந்து என்றால் தொற்றுப் பரிசோதனையும் சட்டமும் சேர்ந்துவிடும், அதற்கும் மருத்துவமனையே சரி.

கடைசியாகச் செலுத்தியதிலிருந்து 15ஆம் நாள் கர்ப்பப் பரிசோதனை செய்தேன். இப்போது எனக்கு ஐந்தாவது மாதம்.

*

சகோதரி, உங்கள் பதிவைக் கணவரிடமும் படித்துக் காட்டினேன். என்னைப் போலச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு எல்.ஹெச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். அந்தப் பட்டை பொய் சொல்லும். எனக்கு ஒரே சுழற்சியில் மூன்று முறை அழுத்தமான கோடு வந்தது. மூன்று முறையும் நம்பினேன்.

பிறகுதான், எழுந்தவுடன் படுக்கையிலேயே உடல் வெப்பத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். கருமுட்டை வெளிவந்த பிறகு வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடி, அப்படியே நிற்கும். முன்கூட்டி எதையும் அது சொல்லாது, உண்மையிலேயே வெளிவந்ததா என்று பின்னால் தெரிந்துகொள்ள மட்டுமே உதவும். என் குறிப்பில் இரண்டு மாதங்கள் வெப்பம் ஏறவே இல்லை. கருமுட்டையே வராத மாதத்தில் நாளை எவ்வளவு துல்லியமாகக் குறித்து என்ன பயன்? எனக்கு வயது 36. 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே முயன்றுகொண்டிருக்க வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார், இளையவர்களுக்கு ஓராண்டு. சுழற்சி ஒழுங்கில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். நான் போகத் தயங்கியதற்கு வெட்கம் மட்டுமே காரணம். இப்போது கருமுட்டை வளர மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

*

நாங்களும் இதே முறையில் வீட்டில் முயலும் இன்னொரு தம்பதி. கணவன் தரப்பிலிருந்து இதை எழுதுகிறேன். நேரம் பார்த்துச் செய்வது ஆணுக்கு எவ்வளவு பாரம் என்பதை யாரும் பேசுவதில்லை. கோடு அழுத்தமாக வந்துவிட்டது என்று மனைவி சொன்ன கணமே என் உடல் ஒத்துழைக்க மறுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் காத்திருக்கிறாள், கையில் வெறும் கிண்ணத்தோடு நான் நிற்கிறேன். அந்த மாதம் அப்படியே போயிற்று. மூன்று நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் முறையை மாற்றினோம். கருமுட்டை வெளிவரும் என்று எதிர்பார்க்கும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், கோடு வந்தாலும் வராவிட்டாலும் செய்வது என்று முடிவெடுத்தோம். எந்த ஒரு நாளின் மீதும் முழுச் சுமை விழாது. பட்டையை இப்போதும் அவள் பார்க்கிறாள், என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

இது மூன்றாவது சுழற்சி. வரும் வியாழக்கிழமை பரிசோதிக்க வேண்டும்.