நாய்க்குப் பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் வருகிறது: தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி (மதுரையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு வயது ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். எடை 9 கிலோ, பெயர் வெள்ளையன். ஓராண்டாகவே அவன் வாயில் நாற்றம் இருந்தது. நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் நானும் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். இரண்டு மாதங்களுக்கு முன் அவன் கொட்டாவி விட்டபோதுதான், மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஓடு போல ஒட்டியிருப்பதைக் கண்டேன். இடப்பக்கம் அது அதிகமாக இருக்கிறது. ஈறு பல்லைத் தொடும் இடத்தில் சிவப்பாக ஒரு கோடும் தெரிகிறது.

உடனே குழந்தைகளுக்கான பிரஷ் ஒன்றை வாங்கி, நாங்கள் பயன்படுத்தும் பற்பசையையே கொஞ்சம் வைத்துத் தேய்த்தேன். நுரை வந்ததும் அவன் மிரண்டு ஓடிவிட்டான். பிறகு நாய்களுக்கென்று விற்கும் பசையை வாங்கிவந்து தேய்க்கிறேன். மூன்றாம் நாளே பிரஷ்ஷில் இரத்தம் தெரிந்தது. பழுப்பு ஓடோ சிறிதும் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டெலும்பைக் கடிக்கக் கொடுத்தால் தானாகவே சுத்தமாகிவிடும் என்கிறார். நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடையில், மயக்க மருந்து இல்லாமலேயே சுரண்டி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து எழாமல் போய்விடுவானோ என்ற அச்சம் எனக்கு இருப்பதால், அந்த யோசனை மனத்தை இழுக்கிறது. துலக்குவதைத் தொடரலாமா, எலும்பு கொடுக்கலாமா, சுரண்டலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (கால்நடை மருத்துவர், திருச்சி)

வணக்கம் ஐயா. நம் ஊரில் பொமரேனியன் என்று வழங்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. உங்கள் நாயின் எடையைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. எந்த இனமானாலும் வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. பெரிய நாய்க்கு இருக்கும் அத்தனை பற்களும் இந்தச் சிறிய தாடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், இடுக்குகளில் உணவு தங்கி, சிறிய நாய்களுக்கு ஈறு நோய் எளிதில் வருகிறது.

நீங்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக எண்ணித் துன்பப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் வழவழப்பான ஒரு படலம் உருவாகத் தொடங்குகிறது. அது கிருமிகளின் படலம். பிரஷ் பட்டாலே போய்விடும். அப்படியே விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியம் போன்ற தாதுக்கள் அதில் படிந்து, இரண்டு மூன்று நாள்களிலேயே அது இறுகத் தொடங்கிவிடும். இறுகியதைத்தான் காரை என்கிறோம். நாயின் உமிழ்நீர் மனிதருடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப்பல் குறைவாகவும் காரை அதிகமாகவும் வருகின்றன. மேல் கடைவாயில் பெரிதாக இருக்கும் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் உமிழ்நீர் நாளம் திறக்கிறது. நீங்கள் கண்ட பழுப்பு ஓடு அந்த இடத்தில் சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். காரையை எந்தப் பிரஷ்ஷாலும் எந்தப் பசையாலும் எடுக்க முடியாது. வேறு சொற்களில் சொன்னால், நீங்கள் தவறாகத் துலக்கவில்லை. துலக்கிப் போக்கக்கூடிய நிலையைப் பல் கடந்துவிட்டது.

இரத்தம் வருவது ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம். வீக்கம் ஈறோடு நின்றிருந்தால், சுத்தம் செய்து தினமும் துலக்கினால் முழுமையாகக் குணமாகும். பல்லைத் தாங்கும் எலும்புவரை அது இறங்கியிருந்தால், இழந்த எலும்பு திரும்ப வராது. மேலும் இழக்காமல் காக்கத்தான் முடியும். வெளியில் பார்த்து இவ்விரண்டில் எது என்று சொல்ல இயலாது.

மயக்கமின்றிச் சுரண்டுவதை நான் மிகவும் வற்புறுத்தித் தடுக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் காரை போய்ப் பல் வெண்மையாகிவிடும். வீட்டாருக்கும் மனநிறைவு வந்துவிடும். ஆனால் நோயை உண்டாக்குவது ஈறுக்குக் கீழே ஒளிந்திருக்கும் காரைதான். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட ஒருபோதும் இடம் கொடுக்காது. சுரண்டியதால் சொரசொரப்பான பல்லை மெருகேற்றாமல் விட்டால், புதிய படலம் முன்னைவிட விரைவாக ஒட்டிக்கொள்ளும். கருவி வழுக்கி ஈறு கிழிந்த நாய்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களின் பற்பசை வேண்டவே வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. பசை முழுவதும் வயிற்றுக்குள் போகும். ஃபுளோரைடும் நுரைப்பொருளும் அதற்கு ஒவ்வாதவை. சில பசைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும்.

மூன்று செய்திகள் தெரிய வேண்டும். வெள்ளையன் ஒரு பக்கமாக மட்டும் மெல்லுகிறானா? கண்ணுக்குக் கீழே வீக்கம் உண்டா? இதுவரை எலும்பு கொடுத்ததுண்டா?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி டாக்டர். நேற்றும் இன்றும் அவன் சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். தயிர்ச்சோற்றைச் சிரமமின்றிச் சாப்பிடுகிறான். பிஸ்கட் கொடுத்தால் தலையை வலப்பக்கம் சாய்த்துக் கடிக்கிறான். இரண்டு முறை வாயிலிருந்து கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தான். கண்ணுக்குக் கீழே வீக்கம் எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கால் எலும்பு கொடுப்பது பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு வழக்கம். வயதாகிவிட்டதால் பிஸ்கட்டை மெதுவாகத் தின்கிறான் என்று நினைத்திருந்தேன். வலியாக இருக்குமோ என்று இப்போது தோன்றும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

மறுமொழி (கால்நடை மருத்துவர், திருச்சி)

வலிதான் ஐயா. நாய்கள் பல்வலிக்காகப் பட்டினி கிடப்பது அரிது. பக்கம் மாற்றி மென்று சமாளித்துக்கொள்ளும். ஆகவே மருத்துவர் பார்க்கும்வரை துலக்குவதை நிறுத்திவையுங்கள். வலிக்கும் இடத்தில் தினமும் பிரஷ்ஷை வைத்தால், பிரஷ் என்றாலே வலி என்று அவன் மனத்தில் பதிந்துவிடும். பின்னர் அதை மாற்றுவது மிகக் கடினம். நீங்கள் உண்ணும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபனும் டைக்குளோஃபினாக்கும் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும்.

எலும்பைப் பொறுத்தவரை, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எந்தப் பொருளும் நாயின் பல்லுக்குக் கடினமானது என்று கொள்ளுங்கள். ஆட்டுக்கால் எலும்பு பதியாது. அதைக் கடைவாயில் வைத்து நெரிக்கும்போது, அந்தப் பெரிய மேற்பல்லின் வெளிப்பக்கம் சீவியதைப் போல உடைந்துவிடுவதுண்டு. உடைந்த இடத்தைக் காரை மூடிவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

மயக்க மருந்து பற்றிய அச்சம் இயல்பானது. இடர் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நிலையை அறிந்து, இதயத்தையும் பரிசோதித்த பிறகு மயக்கம் கொடுத்தால், ஆறு வயது நாய் அதைத் தாங்கும் வாய்ப்பு மிக அதிகம். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவார்களா, பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா என்ற இரண்டையும் கேட்ட பிறகே மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். குழாய் இருந்தால்தான் சுத்தம் செய்யும் நீரும் கிருமிகளும் நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கப்படும். எக்ஸ்ரே எடுத்தால்தான் ஈறுக்குள் புதைந்திருக்கும் வேரின் நிலை தெரியும். பல்லுக்கான எக்ஸ்ரே எல்லா இடங்களிலும் இருப்பதில்லை என்பதால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து வேறொருவர்)

இந்த இழையிலேயே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும் டாக்டர். எங்கள் பூனைக்கு நான்கு வயது. ஈறுகள் மட்டுமல்லாமல் தொண்டை ஓரமும் செக்கச் சிவந்திருக்கிறது. உமிழ்நீர் வடிகிறது, சாப்பிட ஓடிவந்துவிட்டு முனகிக்கொண்டே திரும்பிவிடுகிறது. கிராம்புத் தைலம் தடவலாமா?

மறுமொழி (கால்நடை மருத்துவர், திருச்சி)

கூடாது அம்மா. கிராம்புத் தைலத்தைப் பூனையின் கல்லீரலால் சிதைத்து வெளியேற்ற முடியாது. பாரசிட்டமாலும் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதுமானது. தொண்டை ஓரம்வரை சிவந்திருப்பது சாதாரண ஈறு வீக்கத்தைப் போலத் தோன்றவில்லை. பற்களின் மேல் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக உடலே அளவுமீறிக் கொதித்தெழும் வாய்ப்புண் நோய் பூனைகளுக்கு உண்டு. பல்லையே கரைக்கும் நோயும் உண்டு. இரண்டுமே கடும் வலி தருபவை, வீட்டில் துலக்கித் தீர்ப்பவை அல்ல. பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும். ஆகவே நாளையே அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி (நாய் வளர்ப்பவர், கோயம்புத்தூர்)

டாக்டர் கூறியதற்கு மேல் மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல் சுத்தம் செய்து முடித்த பிறகு துலக்கப் பழக்குவது எப்படி என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாயை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் நாளே முழு வாயையும் துலக்க முயன்றேன். அதன்பின் ஆறு மாதங்கள் பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். மாலை நடை முடிந்து, சாப்பாட்டுக்குச் சற்று முன், அவள் களைத்தும் பசித்தும் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் முழுவதும் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே சோற்றை வைத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, வெங்காயமும் பூண்டும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்த கோழிச்சாற்றில் நனைத்து, கோரைப்பற்களை மட்டும் தொட்டேன். அவள் துணியை நக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்லப் பின்பக்கம் சென்றேன். பசையை நக்கவைத்துப் பழக்கியது மூன்றாம் வாரம், பிரஷ் வந்தது நான்காம் வாரம். அவளுக்கு எதிரே நின்று குனிவது மிரட்டுவதாகத் தோன்றும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்கினால் போதும். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. மயக்கத்தில் காரையை நீக்கியபோது, இடப்பக்க மேல் கடைவாய்ப்பல் டாக்டர் சொன்னபடியே வெளிப்பக்கம் உடைந்திருந்தது தெரிந்தது. எக்ஸ்ரேயில் அதன் மூன்று வேர்களில் இரண்டின் நுனியில் சீழ் கோத்திருந்ததால் அந்தப் பல்லை எடுத்துவிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களும் போயின. அன்று மாலையே எழுந்து நடந்தான். இரண்டு வாரம் குழைந்த உணவு மட்டும் கொடுத்தேன். தையல் ஆறிவிட்டது, துலக்கத் தொடங்கலாம் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். வாய் நாற்றம் இல்லை. இரண்டு ஆண்டுகளாகத் தொடாமல் கிடந்த ரப்பர் பந்தை நேற்று அவனாகவே கவ்விக்கொண்டு வந்தான். எலும்பை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பக்கமும் வலப்பக்கமும் தொடவிடுகிறான். இடப்பக்கம் கையைக் கொண்டுபோனாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

மறுமொழி (நாய் வளர்ப்பவர், கோயம்புத்தூர்)

வலி போய்விட்டாலும் அதன் நினைவு இன்னும் இருக்கும். வாயைத் திறக்க முயலாதீர்கள். வாய் மூடியிருக்கும்போதே கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் துணி சுற்றிய விரலை நுழைத்து, இரண்டு எண்ணும்வரை வைத்திருந்து எடுத்துவிடுங்கள். அவன் தலையைத் திருப்புவதற்கு முன் நீங்களே கையை எடுத்துவிட வேண்டும். இரண்டு ஐந்தாகவும் ஐந்து பத்தாகவும் ஆகும்வரை அந்தப் பக்கத்துக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோக வேண்டாம்.

மறுமொழி (கால்நடை மருத்துவர், திருச்சி)

கோயம்புத்தூர் அம்மா சொன்னபடியே செய்யுங்கள். பிரஷ்ஷுக்கு வந்ததும், அதைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்துச் சிறு வட்டங்களாகத் துலக்குங்கள். படலம் இறுகுவதற்குள் நீக்க வேண்டும் என்பதால் தினமும் துலக்குவதே முறை; இயலாத வாரங்களில் மூன்று நாளுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வாயைக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன் டாக்டர். இன்று மாலை இடப்பக்கம் இரண்டு எண்ணும்வரை விட்டான்.