குறுக்கு வலியும் பீடித் தட்டும்: திருநெல்வேலிப் பக்கத்து அனுபவங்கள்

முக்கூடலிலிருந்து:

எங்கள் பக்கம் இடுப்பு வலி என்று சொல்பவர்கள் குறைவு. குறுக்கு வலி என்றுதான் சொல்வோம். நான் 22 ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறேன். வீட்டு முன்கூடமான தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கும் வரை கழுத்தும் முதுகும் தட்டின் மேல் கவிந்தே இருக்கும். பீடிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கணக்கு முடியும் வரை அந்த இருப்பு மாறாது. கடந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஊறவைத்த இலைக் கட்டை எடுக்கக் குனிந்தபோது குறுக்கு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

பத்து நாள் படுத்தே கிடந்தேன். மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இரவு சுகமாக இருக்கும், காலையில் எழுந்தால் வலி முன்னைவிடக் கெட்டிப்பட்டிருக்கும். ஸ்கேன் எடுத்த இடத்தில் "ஜவ்வு விலகியிருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு வரி செய்த கெடுதலை வலிகூடச் செய்யவில்லை. அதற்குப் பிறகு வாளியைத் தொடவே பயந்து, இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே நடமாடினேன்.

பின்னர் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, நான் பீடி சுற்றும்போது எப்படி உட்காருவேன் என்று காட்டச் சொன்னார். காலை நீட்டி உட்காரும்போது தொடையின் பின்தசை இறுகி இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுப்பதாலும், அதே நிலையில் மணிக்கணக்கில் இருப்பதாலும் குறுக்குத் தசைகள் சோர்ந்துபோகின்றன என்று அவர் விளக்கினார். சுவரில் சாய்ந்து, மணைப் பலகையின் மேல் உட்காரப் பழக்கினார். வெட்டிய இலை முழுவதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் வைத்துவிட்டு, ஒரு பிடி தீர்ந்ததும் எழுந்துபோய் அடுத்த பிடியை எடுத்துவரச் சொன்னார். இதனால் வேலை குறையுமே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

கோரைப்பாயில் செய்ய இரண்டு பயிற்சிகளும் கொடுத்தார். ஒன்று, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துவது. மற்றொன்று, கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டிச் சற்று நிறுத்திவிட்டுப் பக்கம் மாற்றுவது. முதல் வாரம் உடம்பெல்லாம் நொந்தது. இரண்டு மாதத்தில் பட்டையை அவிழ்த்துவிட்டேன். வலி அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அக்கா, அந்த "ஜவ்வு" பயத்தை நானும் அனுபவித்தவன். கணக்கர் வேலை, நாள் முழுதும் நாற்காலி. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதில், தேய்மானம் தெரிகிறது. இதை ஒரு மருத்துவர் எனக்கு விளக்கிய பிறகுதான், நரை விழுவதைப் போன்ற ஒன்றுக்காக நான் இரண்டு வருடம் பயந்திருக்கிறேன் என்று புரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் குறுக்கு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

நான் செய்வது நடை மட்டுமே: வ.உ.சி. மைதானத்தில் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். வலி தணிந்தவர்களைப் படிப்படியாக நடக்கப் பழக்கிய ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. அதில் பாதிப் பேருக்கு வலி திரும்ப ஆன காலம், நடந்தவர்களில் 208 நாள், மற்றவர்களில் 112 நாள். எனக்கும் வலி திரும்பி வரத்தான் செய்கிறது, ஆனால் இப்போது அதற்காகப் படுப்பதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் எல்லா வலியையும் நடந்தே சரிசெய்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். என் மாமாவுக்குக் குறுக்கு வலியோடு தொடையிடுக்கு மரத்து, சிறுநீரும் கட்டிக்கொண்டது. பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். அறுவைச் சிகிச்சை நடந்தது, எனினும் வலது பாதம் இன்றும் இழுக்கிறது. மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அக்கா, தண்ணீர்க் குடம் இப்போது எடுக்கிறீர்களா?

முக்கூடலிலிருந்து:

எடுக்கிறேன். முதலில் அரைக் குடம், பிறகு முக்கால், இப்போது முழுக் குடம். குடத்தை எட்டி இழுக்காமல், அருகில் போய் முழங்காலை மடக்கி, வயிற்றோடு அணைத்துத்தான் தூக்குகிறேன். கடைக்குக் கணக்கு முடிக்கிற நாளில் மட்டும் அடுப்படிக்கு எழுந்துபோக மறந்துவிடுகிறேன். அன்று இரவு குறுக்கு அதைச் சொல்லிக்காட்டிவிடுகிறது.